1990களின் ஆர்ட்பேக்குகளுக்கு ஒரு வியூவர் எழுதியபோது

ஆன்சி என்பது எழுத்துகளையும் நிறக் கட்டங்களையும் அடுக்கி வரைந்த திரை ஓவியம். அதை வரைந்த ஏசிட், ஐஸ் போன்ற குழுக்கள் அந்தக் காலத்தில் மாதாமாதம் வெளியிட்ட ஆர்ட்பேக்குகள், அதாவது படங்களை ஜிப்பில் கட்டிய தொகுப்புகள், இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. '16 கலர்ஸ்' என்ற காப்பகம் 1990ஆம் ஆண்டுப் பேக்குகளில் தொடங்கி ஆண்டுவாரியாக அடுக்கி வைத்திருக்கிறது. ஒவ்வொன்றையும் பிஎன்ஜி படமாக மாற்றியும் காட்டுகிறது. அப்படியிருக்க, நானே ஒரு வியூவர், அதாவது படம் காட்டும் நிரல், எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த பிஎன்ஜிதான். கர்சரை இங்கே கொண்டு போ, நிறத்தை மாற்று, இந்த எழுத்தைப் போடு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும் கட்டளைத் தொகுப்புதான் அசல் கோப்பு. தொலைபேசிக் கம்பி வழியாகச் சொட்டுச் சொட்டாக வந்து திரையில் விழும் என்று தெரிந்தே அதைச் செய்தார்கள். பிஎன்ஜியாக்கினால் அந்த வரவு முழுக்கக் காணாமல் போய்விடுகிறது. வரைந்தவர்கள் எதை எதிர்த்து மல்லுக்கட்டினார்கள் என்பதும் அதோடு போய்விடுகிறது.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1978 பிப்ரவரியில் சிகாகோவில் வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் முதல் பிபிஎஸ்ஸை (புல்லட்டின் போர்டு சிஸ்டம்) இயக்கினார்கள். யாரோ ஒருவர் வீட்டில் ஒரு கணினி, ஒரு மோடம், ஒரு தொலைபேசி இணைப்பு. மற்றவர்கள் தங்கள் வீட்டிலிருந்து டயல் செய்து உள்ளே வந்து செய்தி எழுதலாம், கோப்பு இறக்கலாம். ஒரே லைன் என்றால் ஒரு நேரத்தில் ஒருவர்தான். மற்றவருக்கு பிஸி டோன். 1980களின் பின்பாதியில் அமெரிக்கா, கனடா, ஐரோப்பா எங்கும் இவை ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றில் ஒரு பகுதி, காப்பு உடைத்த மென்பொருள்களைக் கைமாற்றும் ரகசிய போர்டுகள். எண் தெரிந்தால் மட்டும் போதாது, உள்ளே இருப்பவர் யாராவது சிபாரிசு செய்ய வேண்டும். இப்படிப்பட்ட போர்டுக்குக் கெத்தான ஒரு முகப்புத் திரை இல்லாவிட்டால் மரியாதை இல்லை. வரையத் தெரிந்த பள்ளிப் பையனுக்கு அங்கே கிராக்கி வந்தது. கூலி பணமாக அல்ல, உள்ளே நுழையும் உரிமையாகவும் கூடுதல் டவுன்லோடாகவும் கிடைத்தது.

வரைவதற்கு அவர்களிடம் இருந்தது 80 நெடுவரிசை, 25 வரி கொண்ட எழுத்துத் திரை. ஐபிஎம் பிசி 1981இல் வந்தபோதே அதன் 256 எழுத்துகளுக்குள் ░ ▒ ▓ █ ▀ ▄ போன்ற கட்டங்களும் இருந்தன. 1983இல் எம்எஸ்-டாஸ் 2.0 உடன் ஆன்சி.சிஸ் என்ற டிரைவர் வந்தது. நிறம் மாற்றவும் கர்சரை நகர்த்தவும் எஸ்கேப் கட்டளைகளை (எஸ்கேப் என்ற சிறப்பு எழுத்தில் தொடங்குபவை) அது புரிந்துகொண்டது. 1986இல் இயன் டேவிஸ் 'தி டிரா' என்ற எடிட்டரை வெளியிட்ட பிறகு, எஸ்கேப் கட்டளைகளைக் கையால் தட்டாமலே வரைய முடிந்தது. ஆன்சி படத்துக்காகவே கூடிய முதல் குழுவாக அறியப்படும் 'ஏசஸ் ஆஃப் ஆன்சி ஆர்ட்' 1989இல் கலிபோர்னியாவில் உருவானது. 1990இல் ராட் மேன், ஷேடோ டீமன், கிரிம், தி பிஹோல்டர், ஃபேண்டம் என்ற புனைபெயர்களில் ஐந்து பேர் சேர்ந்து ஏசிட்டைத் தொடங்கினார்கள். 'ஆன்சி கிரியேட்டர்ஸ் இன் டிமாண்ட்' என்பதன் சுருக்கம் அது. அடுத்த ஆண்டே 'இன்சேன் கிரியேட்டர்ஸ் என்டர்பிரைஸ்' என்ற பெயரில் ஐஸ் வந்தது. அதன்பின் பல ஆண்டுகளுக்கு இந்த இரண்டு குழுக்களின் போட்டிதான் ஊர்ப் பேச்சு.

வியூவருக்கு நான் வைத்துக்கொண்ட நிபந்தனை ஒன்றுதான்: 1992இல் ஒரு விஜிஏ (அன்றைய பிசிகளின் திரைத் தரம்) மானிட்டரில் எப்படித் தெரிந்திருக்குமோ அப்படித் தெரிய வேண்டும். நிரல் பைத்தானில், படம் வரைய பில்லோ நூலகம். ஒப்பிட்டுப் பார்க்க, பரணில் கிடந்த பென்டியம் கணினியையும் அதன் சிஆர்டி (பழைய குழாய் வகை) மானிட்டரையும் இறக்கித் துடைத்து, டாஸின் இலவச வடிவமான ஃப்ரீடாஸ் போட்டுக்கொண்டேன்.

ஜிப்பே திறக்கவில்லை

படத்துக்குப் போகும் முன்பே முதல் தடங்கல். 1993க்குப் பிந்தைய பேக்குகளை பைத்தானின் ஜிப் நூலகம் சமர்த்தாகத் திறந்தது. அதற்கு முந்தையவை பலவற்றில் 'இம்ப்ளோட்' முறை எனக்குத் தெரியாது என்று பிழை காட்டி நின்றுவிட்டது. இன்று ஜிப் என்றாலே டிஃப்ளேட் முறைதான். ஆனால் அது பரவியது 1993இல் டாஸ் காலத்து ஜிப் நிரலான பிகேஜிப்பின் 2.04 பதிப்பு வந்த பிறகு. அதற்கு முன்பு எல்லார் கையிலும் இருந்த பிகேஜிப் 1.10, ஷ்ரிங்க், இம்ப்ளோட் என்ற வேறு முறைகளில் சுருக்கியது. பைத்தானுக்கு அவற்றின் பெயர் மட்டும் தெரியும், பிரிக்கத் தெரியாது. லினக்ஸில் உள்ள பழைய அன்ஜிப் கட்டளை இரண்டையும் பிரிக்கிறது. அதனால் பைத்தான் தோற்கும் இடத்தில் அன்ஜிப்பைக் கூப்பிடும்படி மாற்றினேன். யாராவது இதைச் செய்து பார்ப்பதாக இருந்தால் ஆரம்பத்திலேயே அன்ஜிப்பை வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு பேக்கைப் பிரித்தால் படங்கள் மட்டும் இருப்பதில்லை. அந்த மாதச் செய்திக் குறிப்பு ஒன்று. உறுப்பினர் பட்டியல் ஒன்று: வரைபவர்கள், நிரல் எழுதுபவர்கள், பேக்கை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கூரியர்கள், குழுவைச் சேர்ந்த போர்டுகள். சேர விரும்புவோருக்கு விண்ணப்பப் படிவம் வேறு. மாதிரிப் படங்களை இணைத்து அனுப்ப வேண்டும். பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள் நடத்திய அமைப்பில் இவ்வளவு காரியாலயத் தோரணை! படிக்கப் படிக்கச் சிரிப்பாகவும் இருக்கிறது, மரியாதையும் வருகிறது. உறுப்பினர் பட்டியல், வெளியீடு, செய்திக் குறிப்பு எல்லாமே மென்பொருள் உடைக்கும் குழுக்களைப் பார்த்துப் பழகியது. அவர்களிடம் சரக்கு விளையாட்டு மென்பொருள், இவர்களிடம் படம். மற்றபடி நடைமுறை ஒன்றே.

கூடவே ஃபைல்_ஐடி.டிஸ் என்ற சின்னக் கோப்பு. அகலம் 45 எழுத்து, உயரம் 10 வரி. பேக்கை ஒரு போர்டில் ஏற்றியதும் பிபிஎஸ் மென்பொருள் தானாகவே ஜிப்பைப் பிரித்து, இந்தக் கோப்பை எடுத்துத் தன் கோப்புப் பட்டியலில் போட்டுக்கொள்ளும். அந்த 45க்கு 10 இடத்திலும் லோகோ வரைந்து வைத்திருக்கிறார்கள். பட்டியலை மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டு போகிறவன் கண்ணில் முதலில் படுவது அதுதானே.

கோப்புப் பெயரைப் பார்த்து வகை முடிவு செய்யலாம் என்றால் அதுவும் நடக்காது. டாஸில் பெயருக்கு 8 எழுத்து, நீட்சிக்கு 3. பலர் பெயரின் முன்னால் தங்கள் புனைபெயரின் இரண்டு எழுத்தைப் போட்டு ஒரு கோடு இழுத்தார்கள். நீட்சியில் குழுப் பெயர் ஏறியது: ஐஸ் கோப்பு என்றால் .ஐஸ், சிஐஏ என்ற இன்னொரு குழுவுடையது என்றால் .சிஐஏ. உள்ளே இருப்பது அதே ஆன்சிதான். அதனால் நீட்சியை நம்பாமல், உள்ளே எஸ்கேப் எழுத்து இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுக்கும்படி எழுதினேன்.

தொப்பி போட்ட எழுத்துகள்

ஒரு .ஏஎன்எஸ் கோப்பை (ஆன்சி படக் கோப்பு) இன்றைய டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் எழுத்து ஜன்னலில், அப்படியே கொட்டினால் கேள்விக்குறி வைத்த வைரக்கட்டிகள் வரிசை கட்டும். பழைய விண்டோஸ் எடிட்டரில் திறந்தால் தலையில் தொப்பியும் இரட்டைப் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். பாமினியில் தட்டச்சிட்ட பழைய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பைட்டில் ஒரு குறையும் இல்லை; எந்த எண்ணுக்கு எந்த உருவம் என்ற அட்டவணைதான் வேறு. இங்கே வேண்டிய அட்டவணை கோட் பேஜ் 437. பைத்தானில் அது இருக்கிறது. ஆனால் 1 முதல் 31 வரையிலான எண்களை அது கட்டுப்பாட்டு எழுத்தாகவே விட்டுவிடும். ஐபிஎம் திரையில் அந்த எண்களுக்கும் உருவம் உண்டு: சிரித்த முகம், சீட்டுக்கட்டுச் சின்னங்கள், அம்புகள். அந்த வரிசையை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும்.

அடுத்தது நிறம். எஸ்கேப் எழுத்து (எண் 27), ஒரு சதுர அடைப்பு, பிறகு 1;33;44, கடைசியில் சின்ன எம். நீலப் பின்னணியில் பளிச்சென்ற மஞ்சள் எழுத்து என்று இதற்குப் பொருள். 30 முதல் 37 வரை எழுத்து நிறம், 40 முதல் 47 வரை பின்னணி, 1 என்றால் பளிச், 5 என்றால் கண்சிமிட்டல். ஆன்சி தரத்தில் 1 சிவப்பு, 4 நீலம். ஐபிஎம் வன்பொருளிலோ 1 நீலம், 4 சிவப்பு. ஆன்சி எண்ணை வன்பொருள் எண்ணாக மாற்ற 0, 4, 2, 6, 1, 5, 3, 7 என்ற வரிசை போதும்.

வன்பொருள் பட்டியலில் 6ஆம் எண்ணுக்கு ஒரு தனிக் கதை. கணக்குப்படி அது மங்கிய மஞ்சள்: சிவப்பு 170, பச்சை 170, நீலம் 0. பார்த்தால் ஆலிவ் பச்சை போல அழுக்காக இருக்கும். ஐபிஎம் தன் 5153 வண்ண மானிட்டரில் இந்த ஒரு நிறத்துக்கு மட்டும் பச்சையைப் பாதியாகக் குறைக்கும் சுற்று வைத்தது. அதனால் அங்கே அது 170, 85, 0, அதாவது நல்ல பழுப்பு. பின்னால் வந்த விஜிஏவும் அதையே பின்பற்றியது. ஆன்சி வரைந்தவர்கள் தோல், மரம், தோல் உடுப்பு எல்லாவற்றுக்கும் இந்தப் பழுப்பை நம்பினார்கள். இன்றைய டெர்மினலின் இயல்பு நிறங்களில் ஓட்டினால் காமிக்ஸ் நாயகர்கள் எல்லாரும் காமாலை வந்தவர்கள் போல நிற்கிறார்கள். ஒரே ஒரு எண்ணை மாற்றியதும் முகங்களுக்கு உயிர் வந்துவிட்டது. இந்த வேலை முழுவதிலும் மிகக் குறைந்த உழைப்பில் மிக அதிகப் பலன் கிடைத்த இடம் இதுதான்.

வரி மடிப்பு அப்படி லேசில் விடவில்லை. ஆன்சி.சிஸ் 80ஆவது எழுத்தைப் போட்ட உடனேயே கர்சரை அடுத்த வரிக்குக் கொண்டுபோய்விடும். விடி100 என்ற பழைய டெர்மினலின் மரபில் வந்த இன்றைய டெர்மினல்கள் அடுத்த எழுத்து வரும்வரை அங்கேயே காத்திருக்கும். ஆன்சி.சிஸ்ஸை மனதில் வைத்து எழுதிய கோப்பில், முழு அகல வரியின் முடிவில் வரிமுறிப்பு போட்டால் இடையில் ஒரு வெற்று வரி விழும், ஆகவே போடமாட்டார்கள். அந்தக் கோப்பை 120 நெடுவரிசை ஜன்னலில் ஓட்டினால் படம் சாய்ந்து கிழிந்து தொங்கும். அதேபோல், திரையை அழிக்கும் கட்டளை ஆன்சி.சிஸ்ஸில் கர்சரை இடது மேல் மூலைக்கும் கொண்டுபோகும். மற்ற டெர்மினல்களில் அழிப்பதோடு சரி. தி டிரா சேமித்த கோப்புகளில் இன்னொன்று கண்ணில் பட்டது. ஒரு வரி அளவுக்கு மீறி நீளும்போது, கர்சர் இடத்தைச் சேமி, வரியை முறி, பழைய இடத்துக்கே திரும்பு என்று மூன்றையும் அடுத்தடுத்து எழுதி வைத்திருக்கிறது. திரையில் எதுவும் தெரியாது. கோப்பில் மட்டும் வரி உடைந்திருக்கும். கர்சரைச் சேமிக்கும் கட்டளையை நிரலில் சேர்க்காமல் விட்டால் படம் அந்த இடத்தில் ஒரு வரி இறங்கிவிடும்.

கடைசி எழுத்து 'பி' என்று முடியும் கட்டளையை மட்டும் தெரிந்தே கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறேன். ஆன்சி.சிஸ்ஸில் அது விசைப்பலகையின் விசைக்கு வேறு வேலை கொடுக்கும் கட்டளை. என்டர் விசையைத் தட்டினால் கோப்புகளை அழி என்று ஒரு படத்துக்குள்ளேயே ஒளித்து வைக்க முடியும். 'ஆன்சி பாம்' என்று அதற்குப் பெயர். ஜிப் கோப்பின் குறிப்புரையிலும் ஆன்சி போட முடியும் என்பதால், பிகேஜிப்பை வெளியிட்ட பிகேவேர் நிறுவனமே அதைத் தடுக்க ஒரு சின்ன நிரலைத் தன் தொகுப்போடு சேர்த்துக் கொடுத்தது. பென்டியத்தில் முக்கியமான எதுவும் இல்லை என்றாலும், அறிமுகமில்லாத கோப்புகளை அதில் ஓட்டும் முன் இந்தக் கட்டளை இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டே அனுப்பினேன். பேக்குகளில் இருக்கும் .எக்ஸ்இ கோப்புகளையும் உங்கள் அன்றாடக் கணினியில் ஓட்டாதீர்கள்.

அசல் திரையில்

இவ்வளவும் சரியான பிறகு வியூவரின் படமும் பென்டியத்தின் சிஆர்டியும் அருகருகே. கோட்டுக்குக் கோடு ஒத்துப்போனது, ஆனால் முகங்கள் வேறாகத் தெரிந்தன. சிஆர்டியில் நீள்முகம், என் படத்தில் சப்பை முகம்.

விஜிஏ எழுத்துத் திரையின் அளவு 720க்கு 400 புள்ளிகள். அதை 4:3 மானிட்டரில் நிரப்பும்போது ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.35 மடங்கு உயரமாகிவிடுகிறது. இன்றைய திரையில் புள்ளி சதுரம். உயரத்தை 400இலிருந்து 540ஆக இழுத்ததும் முகங்கள் சரியாயின.

அதே 720இல் இன்னொரு விஷயம் இருக்கிறது. எழுத்துரு 8 புள்ளி அகலம்தான், ஆனால் விஜிஏ ஒவ்வொரு எழுத்துக்கும் 9 புள்ளி இடம் கொடுக்கிறது. ஒன்பதாவது புள்ளி பொதுவாகப் பின்னணி நிறத்தில் காலியாக இருக்கும். அப்படியே விட்டால் கோடுகளும் கட்டங்களும் துண்டு துண்டாகத் தெரியும் என்பதால், 192 முதல் 223 வரையிலான எழுத்துகளுக்கு மட்டும் எட்டாவது புள்ளியை ஒன்பதிலும் நகலெடுக்கும்படி வன்பொருளில் விதி வைத்தார்கள். █ எண் 219, ▄ எண் 220, ▀ எண் 223, மூன்றும் தப்பித்துக்கொண்டன. ஆனால் ░ ▒ ▓ மூன்றின் எண்கள் 176, 177, 178. விதிக்கு வெளியே. அதனால் அசல் விஜிஏவில் நிழல் தீட்டிய இடமெல்லாம் ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையே மயிரிழை போல ஒரு செங்குத்துக் கோடு ஓடுகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நீல ▓ நிரப்பிய வானத்தில் கறுப்பு இழைகள் சீராக, 9 புள்ளிக்கு ஒன்று. 8 புள்ளியில் மாற்றிய பிஎன்ஜி படங்களில் அந்த வானம் வழவழப்பாக இருக்கிறது. பார்க்க அழகுதான், ஆனால் வரைந்தவன் கண்டது அதை அல்ல. வியூவரில் இரண்டுக்கும் ஒரு சுவிட்ச் வைத்துவிட்டேன். எனக்கு இழையோடு இருப்பதுதான் பிடித்திருக்கிறது.

கண்சிமிட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நிறம் சொல்ல ஒரு பைட்: எழுத்து நிறத்துக்கு 4 பிட், பின்னணிக்கு 3 பிட், மிஞ்சிய 1 பிட் கண்சிமிட்ட. எழுத்துக்கு 16 நிறம் கிடைக்கும், பின்னணிக்கு 8 மட்டும். அந்த எட்டும் மங்கியவை. ▀ போட்டு ஒரு கட்டத்தை மேல் பாதி, கீழ் பாதி என்று பிரிக்கலாம். மேலே பளிச் மஞ்சள், கீழே நீலம் என்றால் பிரச்சினை இல்லை. மேலே பளிச் மஞ்சள், கீழே பளிச் வெள்ளை? முடியாது. இரண்டு பளிச் நிறங்கள் ஒரே கட்டத்துக்குள் சந்திக்க வழியே இல்லை. 1990, 91 காலத்துப் படங்களில் பளிச் நிறங்களுக்கு நடுவே ஒரு கருங்கோடோ மங்கிய விளிம்போ ஓடுவது பாணி மட்டுமல்ல, இந்த பிட் கணக்கின் விளைவும்கூட. விஜிஏ அட்டையிடம் கண்சிமிட்டலை நிறுத்தச் சொன்னால் அந்த ஒரு பிட் பின்னணிக்குத் திரும்பி வந்து 16 பின்னணி நிறம் கிடைக்கும். பிபிஎஸ்ஸுக்கு டயல் செய்பவரின் மென்பொருள் அதைச் செய்யுமா என்று சொல்ல முடியாது. ஆனால் பேக்கில் தங்கள் சொந்த வியூவரையும் சேர்த்துக் கொடுக்கும் குழுவுக்கு அந்தக் கவலை இல்லை. கண்சிமிட்டலை விட்டு 16 பின்னணி நிறம் பெறும் இந்த முறைக்கு 'ஐஸ் கலர்ஸ்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

வியூவர் எழுதுபவருக்கு இது தலைவலி. ஒரு கோப்பில் கண்சிமிட்டல் கட்டளை இருந்தால், அது உண்மையாகவே சிமிட்ட வேண்டுமா, பளிச் பின்னணியாக மாற வேண்டுமா? கட்டளையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சாஸ்

இந்தக் கேள்விக்குப் பதில், இருந்தால், கோப்பின் வாலில் இருக்கும். 1994இல் ஏசிட்டைச் சேர்ந்த டாஸ்மேனியாக், அதாவது ஒலிவியர் ரூபென்ஸ், 'சாஸ்' என்ற பதிவு முறையை வகுத்தார். கோப்பின் கடைசி 128 பைட். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் SAUCE என்று ஐந்தெழுத்து அடையாளம், பதிப்பெண்ணுக்கு 2 பைட், தலைப்புக்கு 35, வரைந்தவருக்கு 20, குழுவுக்கு 20, தேதிக்கு 8, அப்புறம் கோப்பின் அளவு, வகை, அகலம், உயரம் என்று போகும். கொடிகளுக்கான ஒரு பைட்டில் முதல் பிட் ஐஸ் கலர்ஸ் பற்றியது. அடுத்த இரண்டு 8 புள்ளியா 9 புள்ளியா என்று சொல்லும். அதற்கடுத்த இரண்டு உயரத்தை இழுப்பது பற்றி. முந்தைய பகுதியில் நான் பென்டியத்தோடு மல்லுக்கட்டியதெல்லாம் ஐந்து பிட்டில் அடங்கிவிட்டது.

அதை வால் பகுதியில் வைத்ததில் ஒரு சாமர்த்தியம் உண்டு. சாஸுக்கு முன்னால் 26 என்ற எண் கொண்ட ஒரு பைட் வரும். டாஸில் அது கோப்பு முடிந்தது என்பதற்கான பழைய அடையாளம். டைப் கட்டளை அந்த இடத்தில் நின்றுவிடும். சாஸ் பற்றி எதுவுமே தெரியாத மென்பொருளிலும் படத்தின் கீழே குப்பை தெரியாது.

எல்லாப் பேக்குகளின் சாஸையும் உறிஞ்சி ஒரு அட்டவணையில் கொட்டினேன். புனைபெயர், குழு, தேதி. இந்த மாதம் ஒரு குழு, அடுத்த மாதம் வேறு குழு என்று ஒரே ஆள் தாவுவது பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. சிலர் ஒரே சமயத்தில் இரண்டில். ஆள் பிடிப்பதும் ஆளை இழுப்பதும்தான் குழுக்களுக்கிடையே நடந்த போர். செய்திக் குறிப்புகளில் யார் வந்தார், யார் போனார் என்பதற்கு அவ்வளவு இடம் ஏன் ஒதுக்கினார்கள் என்பது அட்டவணையைப் பார்த்த பிறகு புரிந்தது.

ஆனால் சாஸை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1992ஆம் ஆண்டுப் படத்தில் சாஸ் இருந்தால், அது 1994க்குப் பிறகு யாரோ ஒட்டியது என்றே பொருள். முறையே அப்போதுதான் வந்தது. தேதியும் ஒட்டியவர் போட்ட தேதியாக இருக்கலாம். அடுத்தவர் படத்தை எடுத்துப் பெயரை மாற்றித் தன்னுடையது என்று போடுவதற்கு 'ரிப்பிங்' என்று பெயர். அந்த உலகில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. 128 பைட் வாலை மாற்றுவது அதைவிட எளிது. அதனால் படத்துக்குள்ளேயே, லோகோவின் நிழலுக்குள்ளே, இரண்டு மூன்று கட்டத்தில் கையெழுத்தை மறைத்து வைத்தார்கள். சந்தேகம் வந்த இடங்களில் நான் சாஸைவிட அந்தக் கையெழுத்தையும், பேக்கில் இருந்த உறுப்பினர் பட்டியலையும் நம்பினேன்.

போர்டுகளுக்காக வரைந்த விளம்பரப் படங்களில் தொலைபேசி எண்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. அந்த எண் இன்று சம்பந்தமே இல்லாத ஒருவர் வீட்டில் மணியடிக்கலாம். படங்களைப் பகிரும்போது அந்த வரியை மட்டும் மறைத்துவிடுகிறேன்.

2400இல் ஓட்டியபோது

வேகத்தைக் கட்டுப்படுத்துவது நிரலில் நான்கே வரி. நொடிக்கு 2400 பிட் வேக மோடத்தில் ஒரு பைட்டுக்கு முன்னும் பின்னும் சேர்த்து 10 பிட் செலவாகும், ஆக நொடிக்கு 240 பைட். திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் 4 பைட் மட்டும் விட்டால் கணக்கு சரி. 14,400 வேண்டுமென்றால் 24 பைட்.

நிறமே மாறாத 80க்கு 25 திரை ஒன்று 2400இல் நிரம்ப 8 நொடிக்கு மேல் ஆகிறது. நிறம் மாறினால் கதை வேறு. எஸ்கேப்பில் தொடங்கி 0;1;33;44 என்று எம்மில் முடியும் கட்டளைக்கு 12 பைட்; எழுத்தோடு சேர்த்து 13. கட்டத்துக்குக் கட்டம் இப்படி மாறினால் நொடிக்கு 18 எழுத்துதான் நகரும். எடிட்டர்கள் மாறாத பகுதியை விட்டுவிட்டு மிச்சப்படுத்தும், ஆனாலும் ஆரம்ப காலப் படங்களில் ஒரே நிறம் நீண்டு ஓடுவதும், பெரிய லோகோவைச் சுற்றிக் கறுப்பு வெளி விடுவதும் பைட்டை எண்ணிச் செலவழித்த பழக்கம் என்று தோன்றுகிறது. 20,000 பைட் உள்ள நீளப் படம் 2400இல் ஒரு நிமிடத்தைத் தாண்டிவிடும். 14,400இல் 14 நொடி. மோடம் வேகம் ஏற ஏறப் படங்களும் நீண்டன. திரையைத் தாண்டி மேலே ஓடிக்கொண்டே போகும் நீளச் சுருள் படங்கள்தான் பிறகு ஆர்ட்பேக்குகளின் அடையாளமாகவே ஆயின.

'ஆன்சிமேஷன்' கோப்புகளுக்கு வேகக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் அர்த்தமே இல்லை. கர்சரை முன்னும் பின்னும் நகர்த்தி வரைந்ததையே அழித்து மீண்டும் வரைந்து அசைவு காட்டுவார்கள். இவ்வளவு நேரம் பொறு என்று சொல்லும் கட்டளை எதுவும் அதில் இல்லை. மோடத்தின் வேகமே கடிகாரம். இன்றைய கணினியில் ஓட்டினால் கண் இமைக்கும் முன் கடைசிக் காட்சி வந்து நின்றுவிடுகிறது. கோப்பைப் பார்த்து அது எந்த வேகத்துக்குச் செய்தது என்று ஊகிக்கத்தான் முடியும். 2400இல் தொடங்கி ஏற்றிக்கொண்டே போய், அசைவு இயல்பாகத் தெரியும் இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன்.

ஆசைக்கு, யூஎஸ்பி சீரியல் அடாப்டரையும் இரண்டு கணினிகளை நேரடியாக இணைக்கும் நல்-மோடம் கேபிளையும் மாட்டி, பென்டியத்தில் டெலிக்ஸ் என்ற பழைய மோடம் மென்பொருளைத் திறந்து உண்மையான சீரியல் லைனில் அனுப்பியும் பார்த்தேன். லினக்ஸ் பக்கத்தில் வேகம் 2400, 8 பிட், பாரிட்டி இல்லை, ஒரு நிறுத்தப் பிட். வியூவரில் வந்த அதே வேகம்தான். ஆனால் சிஆர்டியின் கறுப்பில் ஒரு முகப்புத் திரை மேல் வரியிலிருந்து கட்டம் கட்டமாக இறங்கி வரும்போது, அடுத்த நிறம் என்ன என்று காத்திருக்க வைக்கிறது. படத்தின் தலைப்பு எழுத்துகளை மேலே வைக்காமல் கீழே வைத்தவர்கள் விவரமானவர்கள்.

வியூவர் முடிந்த பிறகு, டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸில் தி டிரா 4.63ஐ ஏற்றி நானும் ஒரு முகப்புத் திரை வரைந்தேன். எஃப்1 முதல் எஃப்4 வரை ░ ▒ ▓ █ வரும்படி விசைகளை வைத்துக்கொண்டால் கை தானாக ஓடத் தொடங்கிவிடுகிறது. பளிச்சிலிருந்து இருட்டுக்குப் போகும் நிழலுக்கு █, ▓, ▒, ░ என்று இறங்கினால் போதும். அடுத்த நிறத்தைப் பின்னணியாக வைத்தால் இரண்டும் குழைந்துவிடும். இரண்டு பளிச் நிறங்களைச் சேர்க்கப் பார்த்து எடிட்டர் மறுத்த இடத்தில், பழைய படங்களில் பார்த்த அதே கருங்கோட்டைத்தான் நானும் போட்டேன். இப்போது வரையத் தொடங்குபவர்கள் பாப்லோடிரா, மோபியஸ் என்ற எடிட்டர்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். டாஸ்பாக்ஸின் தொல்லை இல்லை, ஐஸ் கலர்ஸும் சாஸும் உள்ளேயே இருக்கின்றன. பேக் விடுபவர்களும் முழுக்க ஓய்ந்துவிடவில்லை. பிளாக்டிரானிக்ஸ் குழு 2008இலிருந்து இருக்கிறது. 1994இல் வான்கூவரில் தொடங்கிய மிஸ்டிகிரிஸ் குழு 2014இல் திரும்பி வந்தது.

வியூவரில் மிச்சமிருக்கும் பெரிய வேலை எக்ஸ்பின் கோப்புகள். அதுவும் டாஸ்மேனியாக் வகுத்ததுதான். படத்தோடு சொந்த எழுத்துருவையும் சொந்த நிற அட்டவணையையும் சேர்த்து அனுப்பலாம். படிப்பது கடினமில்லை, எஸ்கேப் கட்டளையே கிடையாது. ஆனால் கட்டத்தின் உருவத்தையே மாற்றிக்கொள்ளலாம் என்று ஆன பிறகு வரைந்த படங்கள் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. அதனால் அந்தப் பகுதி கொஞ்சம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. அதற்கு முன் 160 நெடுவரிசைப் படங்களுக்கு ஜன்னலை அகலப்படுத்தும் வேலையை முடிக்க வேண்டும்.